ஐம்பத்து நான்கு கிலோ கல்

கோணமெட்டில் எடை போடாத பொருள் கிடையாது. வாழைத்தார், தக்காளிக் கூடை, கோழித்தீவனம், ஜல்லி, இறைச்சிக்குப் போகிற எருமை, கல்யாணத்துக்குப் போகிற பூ, எதுவானாலும் மலையேறி எல்லை தாண்டி அந்தப் பக்கம் போவதற்கு முன்னால், செக்போஸ்ட்டின் குறுக்குக் கம்பிக்கு அடுத்தாற்போல் இருக்கிற கணினி எடைமேடையில் ஏறி நின்று, தான் இத்தனை கிலோ என்று ஒப்புக்கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும்; திரும்பி வருகிற லாரிகள் மட்டும், அந்தப் பக்கத்து ஆஸ்பத்திரி ஊசியையும் ரத்தம் தோய்ந்த பஞ்சையும் தார்ப்பாய்க்கு அடியில் மறைத்துக்கொண்டு, எடையும் இல்லாமல் கேள்வியும் இல்லாமல் இறங்கி வந்து, விடிவதற்குள் நம் ஊர் ஓடையில் கொட்டிவிட்டுப் போகும். அப்பேர்ப்பட்ட ஊரில்தான், ஐப்பசி மாதத்து முதல் திங்கட்கிழமை காலை ஆறேகாலுக்கு, ஏலத்தோட்டத்து வேலைக்குப் போகிற பதினேழு பெண்களுக்கு எடை இல்லாமல் போனது.

ஜீப்பில் ஆளை அடைத்துக்கொண்டு போகிறார்கள், வளைவுக்கு வளைவு விபத்து என்று பேப்பரில் வந்துவிட்டதால், இனிமேல் தோட்டத்து ஜீப்புகளையும் எடைமேடையில் ஏற்ற வேண்டும் என்று அன்றைக்குத்தான் புது உத்தரவு வந்திருந்தது. தங்கமாயன் தன் ஜீப்பை, வாத்தியாரிடம் கையை நீட்டுகிற பிள்ளை மாதிரி, மெல்ல மேடைமேல் ஏற்றினான். கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்திருந்த எடை எழுத்தர் அருளானந்தம் சிவப்பு எண்களைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார்.

"யோவ் தங்கமாயா, வண்டியோட எடையும் உன் எடையும், மிஞ்சினா ஒரு இருபது கிலோவுந்தான்யா காட்டுது. பின்னாடி இருக்கிறவுகள்லாம் யாரு?"

"பொம்பளைகதான் சார். வேணும்னா இறக்கிக் காட்டவா?"

இறக்கினான். பதினேழு பேரும் மேடையில் வரிசையாக நின்றார்கள். சைபர். ஒருத்தி குதித்துப் பார்த்தாள். சைபர். அவர்களுடைய தூக்குவாளிகளை மட்டும் கொண்டுபோய் வைத்தார்கள்; இருபது கிலோ, முந்நூறு கிராம் என்று எண்கள் ஒழுங்காக எரிந்தன.

"சோத்துக்கு எடை இருக்கு, திங்கிறவளுக்கு இல்லையா? இதென்னடி கூத்து" என்றாள் ஒச்சம்மா. அவள்தான் முதலில் சிரித்தவள். அவள் சிரித்ததும் எல்லோரும் சிரித்தார்கள், நேரமாகிவிட்டது என்று ஜீப்பில் ஏறிக்கொண்டார்கள்.

அந்தப் பதினேழு பேரில் இன்னொருத்தியான விருமாயிக்கு ஒச்சம்மா மதினி, செத்துப்போன அண்ணனின் பெண்டாட்டி. அண்ணன் குடித்துக் குடித்து ஈரலைக் கரைத்துக்கொண்டு போய்ச் சேர்ந்த பிறகு, பிள்ளை குட்டி இல்லாத ஒச்சம்மாவை விருமாயிதான் தன் வீட்டோடு கூட்டிக்கொண்டு வந்தாள். பதிமூன்று வருஷமாக ஒரே உலையில் சோறு, ஒரே ஜீப்பில் ஒருத்தி மடியில் ஒருத்தியாகப் பயணம். ஒச்சம்மா கொஞ்சம் சதைப்பிடித்தவள், விருமாயி கருவாடு. ஒச்சம்மாவை மடியில் வைத்து மலையேறி முடிப்பதற்குள் விருமாயிக்குத் தொடை மரத்து, முட்டி விண்ணென்று தெறிக்கும். அன்றைக்கு ஏழாம் வளைவு தாண்டியும் தெறிக்கவில்லை. மடியில் ஒரு மடித்த சேலை கிடப்பதுபோல இருந்தது. சாயங்காலம் திரும்பி வந்து செக்போஸ்ட்டின் குறுக்குக் கம்பியைத் தாண்டியதும், பதினேழு பேருக்கும் அவரவர் எடை அவரவர் உடம்பில் பழையபடி வந்து உட்கார்ந்துகொண்டது. விருமாயிக்கு அது முட்டிவலியால்தான் தெரிந்தது.

ஏன் இப்படி என்று ஊரில் யாரும் அதிகம் மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை. எல்லையில் குடியிருப்பவனுக்கு மத்தளம் மாதிரி இரண்டு பக்கமும் இடி, இது மூன்றாவது இடி, அவ்வளவுதான். ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டரம்மா எல்லோருக்கும் சத்து மாத்திரை எழுதிக்கொடுத்தார். பூசாரி, முனியாண்டிக்கு வைத்த நேர்த்திக்கடன் பாக்கி இருக்கும் என்றார். கட்சிக்காரர்கள், பூவினும் மெல்லிய எங்கள் பெண்குலமே என்று தலைவரின் படம் பெரிதாகவும் பெண்குலம் சிறிதாகவும் போட்டு பஸ் ஸ்டாண்டில் பிளக்ஸ் கட்டினார்கள். டீக்கடையில் உட்கார்ந்திருந்த புருஷன்மார், கல்யாணமான நாளிலிருந்து எங்களுக்கு இது தெரியும் என்பதுபோல இன்னொரு டீ சொன்னார்கள். ஆண்களுக்கு எடை அப்படியே இருந்தது. வேலைக்கு இல்லாமல், குமுளிப்பக்கம் சொந்தக்காரர் வீட்டுக்குப் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு காரில் போகிற பெண்களுக்கும் இருந்தது. தூக்குவாளியோடு ஜீப்பில் ஏறுகிறவளுக்கு மட்டும்தான் இல்லை.

சந்தோஷப்பட்டவன் தங்கமாயன்தான். எடைமேடை சொல்லிவிட்ட பிறகு சட்டம் என்ன சொல்லும்? பதினேழு இருபதாயிற்று, இருபது இருபத்தாறாயிற்று. மடிமேல் மடி, மடிமேல் மடி என்று மூன்று அடுக்காகப் பெண்கள் உட்கார்ந்தார்கள். கனக்கவில்லை, ஆனால் மூச்சு முட்டியது, மூச்சுக்கு எடைமேடையில் எண் கிடையாது. மேலே தோட்டத்திலும் கொண்டாட்டம். ஏலச்செடியின் தூரில் உட்கார்ந்து காய் எடுக்கிறபோது புதுத் தளிர் மிதிபடவில்லை, சேற்றில் கால் பதியவில்லை, அட்டைகூட ஏறவில்லை. எடையுள்ளவள் வேண்டாம், கோணமெட்டுப் பெண்களையே அனுப்பு என்று கங்காணிகள் போட்டி போட்டார்கள். எடை இல்லாதவளுக்குப் பசிக்குமா என்று ஒரு கங்காணி கேட்டான். அவன் விளையாட்டுக்குக் கேட்கவில்லை, மத்தியானச் சாப்பாட்டு நேரத்தைப் பாதியாகக் குறைப்பதற்காகக் கேட்டான்.

பெண்கள் சும்மா இருக்கவில்லை. பத்துப் பேர் சேர்ந்து திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளுக்கு மனு எழுதிக்கொண்டு பஸ் ஏறி ஜில்லா ஆபீசுக்குப் போனார்கள். அங்கே ஒரு அதிகாரி, நல்ல மனுஷர்தான், எடைபோடுகிற மெஷினைக் கொண்டுவரச் சொல்லி ஒவ்வொருத்தராக ஏற்றினார். ஒச்சம்மா நாற்பத்தொன்பது. விருமாயி நாற்பத்தொன்று.

"எல்லாருக்கும் எடை இருக்கேம்மா. அப்புறம் என்ன மனு?"

"இங்கன இருக்கு சார். அங்கிட்டுப் போனா இல்ல."

"அப்ப அங்கிட்டுத்தான் மனு குடுக்கணும்."

அங்கிட்டும் போனார்கள். அந்தப் பக்கத்து ஆபீசில் இருந்தவர் மேடையில் சைபரைப் பார்த்துவிட்டு, "இது நிங்ஙளுடே ஆளு, நிங்ஙளு நோக்கிக்கோ" என்று மலையாளத்தில் சொல்லி, உங்கள் ஆளை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்று கையை விரித்தார். ஏழை சொல் அம்பலம் ஏறாது என்பார்கள். இவர்கள் சொல் இரண்டு அம்பலத்தின் படியிலும் ஏறி இறங்கிவிட்டு வந்தது.

திரும்பி வருகிற பஸ்சில் ஒச்சம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. "நாப்பத்தொம்பது! பாத்தியாடி? உங்க அண்ணன் என்னைய ஒருநாளாச்சும் இம்புட்டு இருப்பேன்னு நெனச்சிருப்பாரா?"

"எங்க வீட்டுச் சோறு மதினி. பின்ன எடை போடாம என்ன செய்யும்."

"உங்க வீட்டுச் சோத்துல பாதி என் கூலிடி, நாத்தனாரே."

கார்த்திகை பிறந்ததும் மெட்டில் காற்று ஆரம்பித்தது. கணவாய்க் காற்று எருமையைத் தள்ளும், எடை இல்லாதவளை என்ன செய்யும்? முதல் நாளே மூன்று பேர் தோட்டத்து வேலியில் துணிபோலச் சிக்கிக்கொண்டார்கள். யார் முதலில் ஆரம்பித்தது என்று தெரியாது, மறுநாள் ஒருத்தி பைக்குள் அம்மிக்குழவியைப் போட்டுக்கொண்டு வந்தாள். அவள் கால் தரையில் நின்றது. ஒரே வாரத்தில், இலவச மிக்ஸி வந்த நாள் முதல் கொல்லையில் கிடந்த குழவிகள் எல்லாம் மஞ்சப்பைக்குள் ஏறி மலைக்கு வேலைக்குப் போகத் தொடங்கின. இப்போது எடைமேடையில் எண் ஏறியது. கூடுதலாக இருக்கிற எடையை ஏதாவது ஒரு பெயரில் எழுதியாக வேண்டும் என்பதால், அருளானந்தம் தினமும் சீட்டில் எழுதினார்: சரக்கு, கல். எடை, நூற்று இருபத்தைந்து கிலோ. ஓட்டுநர் தவிர ஆள், இல்லை.

"சார், நாங்க இருபத்தாறு பேரு குத்துக்கல்லாட்டம் உக்காந்திருக்கமே, ஆள் இல்லேன்னு எழுதுறீகளே" என்று விருமாயி ஒருநாள் கேட்டாள்.

"நான் என்னம்மா செய்யட்டும்? மெஷின் சொல்றதத்தானே எழுத முடியும்." அருளானந்தம் கெட்டவர் இல்லை. ஊரில் பாதிப் பேர் மாதிரி, கெட்டவராக இருப்பதற்குக்கூடத் துணிச்சல் இல்லாதவர்.

ஒச்சம்மாவுக்கு மட்டும் இந்தக் கல் சங்கதி பிடிக்கவில்லை. ஆயுசு முழுக்கச் சுமந்தது போதாதா, ஒரு பாரமும் இல்லாமல் ஒரு மாசம் இருக்கிறேன், அதிலும் கல்லைக் கட்டிக்கொண்டு அழவா என்று வெறும் தூக்குவாளியோடு வந்தாள். ஒரு புதன்கிழமை பதினோரு மணிக்குத் தூக்குவாளியைக் கீழே வைத்துவிட்டுத் தலைமுடியை அள்ளிச் செருகினாள்; அந்த நேரம் பார்த்துக் காற்று அவளைத் தூக்கியது. கங்காணி, காய் எடுத்துக்கொண்டிருந்த பெண்கள், குரைக்க மறந்த நாய், எல்லோரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்க, அவள் சேலையை முழங்காலுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு சில்வர் ஓக் மரங்களுக்கு மேலே போய், கரண்டுக் கம்பிக்கு இந்தப் புறம் ஒரு கிளையைப் பிடித்துக்கொண்டாள். ஏணி வைத்து இறக்கினார்கள். "நம்ம ஊரு கோயில் கோபுரம் தெரியுதுடி" என்று சிரித்தாள். விருமாயி சிரிக்கவில்லை. கம்பிக்கும் அவளுக்கும் நடுவே இருந்தது ஒரு முழம்தான்.

அன்றைக்குச் சாயங்காலம் விருமாயி கொல்லையில் தேடி, தான் கொண்டுபோவது போக இன்னொரு குழவியை எடுத்தாள். ஐந்து கிலோ, கருங்கல். மறுநாள் காலை ஒச்சம்மா எவ்வளவோ மறுத்தும் கேட்காமல், பையில் போட்டால் இவள் கீழே வைத்துவிடுவாள் என்று, பழைய சேலைக் கிழிசலில் குழவியைச் சுற்றி ஒச்சம்மாவின் இடுப்பிலேயே கட்டினாள். கட்டியது ஆட்டு முடிச்சு. விருமாயி அப்பன் வீட்டில் கிடை ஆடு மேய்த்தவள். இழுக்க இழுக்க இறுகும் அந்த முடிச்சைப் போட்டவர் கைதான் அவிழ்க்கும்.

"என்னையென்ன ஆடுன்னு நெனச்சியா?"

"ஆடுன்னா சொன்ன பேச்சு கேக்கும்."

இது வியாழக்கிழமை. மறுநாளும் அதே கல், அதே முடிச்சு. வெள்ளிக்கிழமை காலை, பனி மூட்டம், ஏழாம் வளைவில் குப்பை கொட்டிவிட்டுத் திரும்பிய ஒரு லாரி விளக்குப் போடாமல் குறுக்கே நின்றது. தங்கமாயன் ஒடித்தான். ஜீப் பள்ளத்தில் பாய்ந்தது.

ஜீப்தான் விழுந்தது, பெண்கள் விழவில்லை. ஜீப்பின் பின்பக்கத் திரை கிழிந்து, முறத்தில் புடைக்கும்போது பறக்கிற உமி மாதிரி அவர்கள் வெளியே சிதறினார்கள், கையிலிருந்த மஞ்சப்பைகளைப் போட்டுவிட்டார்கள், பைகள் குழவியோடு விழுந்து கீழே பாறையில் பட் பட்டென்று மோதின, பெண்கள் பனிக்குள் மிதந்து காப்பிச் செடிகளின் தலைகளையும் மரக்கிளைகளையும் பற்றிக்கொண்டார்கள். இருபத்தைந்து பேர். விருமாயி ஒரு பலாக்கிளையைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு கீழே பார்த்தாள். ஒச்சம்மா ஒரு பாறை விளிம்பைப் பத்து விரலாலும் பிடித்திருந்தாள். எடை இல்லாத அந்த உடம்பை ஐந்து கிலோக் கல் இழுத்தது; பனியில் நனைந்த பாறை வழுக்கியது. கல் ஆட, ஆட, முடிச்சு இறுகியது.

"அடியே விருமாயி, முடிச்ச அவுத்து விடுடீ!"

விருமாயி கிளையை விட்டாள். காற்று அவளை ஒச்சம்மாவிடம் கொண்டுபோகவில்லை, மேலே கொண்டுபோனது. நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது. கீழே கல் விழுகிற சத்தம் ஒரு முறைதான் கேட்டது, அதோடு ஒச்சம்மாவும் போய்ச் சேர்ந்தாள்.

ஊர் ஒரு நாள் கடையடைத்தது. மறுவாரம் அறிக்கை வந்தது. விருமாயி அதை அருளானந்தத்திடம் கொடுத்துப் படிக்கச் சொன்னாள். அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு படித்தார். விபத்தில் ஓட்டுநர் தங்கமாயன் பலி. வாகனத்தில் வேறு ஆட்கள் இருந்ததற்கு எடைச் சீட்டில் ஆதாரம் இல்லை. அனுமதியின்றிக் கற்கள் ஏற்றிச் சென்றதே விபத்துக்குக் காரணம். பள்ளத்தில் கண்டெடுக்கப்பட்ட பெண் சடலம் விபத்துக்குத் தொடர்பில்லாதது. இடுப்பில் கல்லைக் கட்டிக்கொண்டு குதித்திருக்கிறார். தற்கொலை.

"தற்கொலையா?"

"அப்படித்தாம்மா போட்டிருக்கு."

"அவுக வேலைக்குப் போனாக சார். மூணு தோசை கட்டிக்கிட்டுப் போனாக. சாகப்போறவ தோசை கட்டுவாளா?"

அருளானந்தம் காகிதத்தை மடித்துக் கொடுத்தார்.

விருமாயி ஸ்டேஷனுக்குப் போனாள். கல்லைக் கட்டியது நான்தான், முடிச்சு என்னுடையது என்று சொன்னாள். அப்படியானால் கொலைக் கேஸ் போடட்டுமா என்று கேட்டார்கள். போடுங்கள், ஜீப்பில் போனாள் என்று எழுதிவிட்டுப் போடுங்கள் என்றாள். சாட்சிக்கு மற்றப் பெண்களைக் கூட்டிக்கொண்டு போனாள். நீங்களே அந்த ஜீப்பில் இல்லையே, சீட்டில் இல்லையே, அப்புறம் எப்படிப் பார்த்தீர்கள் என்று கேட்டு அனுப்பினார்கள். இரண்டாவது முறை கூப்பிட்டபோது பெண்கள் வரவில்லை. ஸ்டேஷன் பக்கம் போனால் வேலை கிடையாது என்று தோட்டத்துக்கு ஆள் பிடிக்கிற தரகன் சொல்லியிருந்தான். விருமாயி அவர்களைத் திட்டவில்லை. வேறொருத்தி செத்திருந்தால் அவள் மட்டும் வந்திருப்பாளோ என்னவோ. ஆனால் தெருவில் பேச்சு கிளம்பியது: புருஷன் இல்லாதவள், பிள்ளை இல்லாதவள், நாத்தனார் வீட்டில் என்ன கஷ்டமோ. அந்தப் பேச்சுதான் விருமாயியை அறுத்தது. பதிமூன்று வருஷம் ஒரே உலையில் பொங்கித் தின்றவளுக்கு, கடைசியில் ஊர் எழுதிவைத்த கணக்கு இது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள், வயிறு சும்மா இருக்காதே, விருமாயி தூக்குவாளியை எடுத்துக்கொண்டு புது ஜீப்பில் ஏறினாள். மடியில் யாரும் இல்லை. அவள் மடியில் உட்கார யாருக்கும் மனசு வரவில்லை. ஜீப் குறுக்குக் கம்பியைத் தாண்டி எடைமேடையில் ஏறியதும் அருளானந்தம் கண்ணாடிக்குள்ளிருந்து எழுந்து வெளியே வந்தார். தூக்குவாளி போக ஐம்பத்து நான்கு கிலோ கூடுதலாகக் காட்டியது. பைகளைப் பார்த்தார்கள்; விபத்துக்குப் பிறகு ஒருத்தியும் கல் கொண்டு வரவில்லை. ஒவ்வொருத்தராக இறக்கினார்கள். எண் அசையவில்லை. விருமாயி இறங்கியதும் விழுந்தது. அவளை மட்டும் தனியாக மேடையில் ஏற்றினார்கள்.

ஐம்பத்து நான்கு.

"நீ நாப்பத்தொண்ணுதானம்மா? ஜில்லா ஆபீசுல போட்ட எடைன்னு ஊரே பேசுச்சே."

விருமாயி சிவப்பு எண்ணைப் பார்த்தாள். எழுதப் படிக்கத் தெரியாவிட்டாலும் அந்த மெஷினின் எண்கள் அவளுக்குத் தெரியும். நாற்பத்தொன்பதும் ஐந்தும் எவ்வளவு என்பதும் தெரியும். அவளுடைய எடை எப்போதும்போலப் போய்விட்டிருந்தது. மடியில், சரியாக மடியில், அந்தப் பழைய பாரம்; தொடை மரத்து, முட்டி விண்ணென்று தெறித்தது. எத்தனையோ நாளாகத் தெறிக்காத முட்டி.

"இது என் எடை இல்ல சார்" என்றாள். "எங்க மதினி."

ஒருத்தரும் ஆச்சரியப்படவில்லை. ஜீப்பில் வந்த ஒருத்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தரகன்தான் கத்தினான்: "எடை இருக்கிறவள ஏத்த முடியாது. விட்டுட்டு வாங்கப்பா, நேரமாகுது." அவளை விட்டுவிட்டு ஜீப் போனது. இருபது சைபர்கள் பின்பக்கத் திரைக்குள்ளிருந்து அவளைப் பார்த்துக்கொண்டே போயின.

விருமாயி மேடையை விட்டு இறங்கவில்லை. பின்னால் தக்காளி லாரி ஆரன் அடித்தது.

"இறங்கும்மா. லாரி நிக்குது."

"எழுதுங்க சார்."

"என்னத்த எழுத?"

"மெஷின் சொல்றதத்தானே எழுதுவேன்னு சொன்னீக. மெஷின் சொல்லுது. எழுதுங்க."

"ஆளுன்னு எழுத முடியாதும்மா, அறிக்கை வந்திருச்சு. என் வேலை போயிரும்."

"ஆளுன்னு எழுத வேணாம். கல்லுன்னே எழுதுங்க. அனுமதி இல்லாத கல்லு, அபராதம் போடுங்க, கட்டுறேன். ஆனா அந்தச் சீட்டுல பேரு எழுத ஒரு கட்டம் இருக்குல்ல? அதுல எங்க மதினி பேர எழுதுங்க."

அருளானந்தம் அவளைப் பார்த்தார், பின்னால் வரிசை கட்டிய லாரிகளைப் பார்த்தார், குனிந்து எழுதினார். ஆரன் சத்தத்து அவசரத்தில் எழுத்து கோணலாக விழுந்தது. அவர் வாழ்க்கையில் எழுதிய உண்மையான சீட்டு அது ஒன்றாகத்தான் இருக்க வேண்டும். விருமாயி கைநாட்டு வைத்தாள். அபராதத்தைச் சேலை முடிப்பிலிருந்து அவிழ்த்துக் கொடுத்தாள். அந்த முடிச்சு மட்டும் உடனே அவிழ்ந்துவிட்டது. அதைப் பார்த்துத்தான் அவள் அன்றைக்கு அழுதாள்.

அந்த வருஷத்துப் பதிவேடு இன்னும் கோணமெட்டு எடைமேடையில் இருக்கிறது. வாழைத்தாருக்கும் கோழித்தீவனத்துக்கும் நடுவே, கோணலான எழுத்தில் ஒரு வரி. சரக்கு, கல். எடை, ஐம்பத்து நான்கு கிலோ. பெயர், ஒச்சம்மா. அந்த வருஷம் முழுக்க அந்த மெட்டைத் தாண்டி வேலைக்குப் போன இத்தனை பெண்களில், பெயர் எழுதப்பட்டவள் அவள் ஒருத்திதான்.